தென்றிசைத் தோட்டங்களும் பழைய வளவுகளும்

யாம் வாழும் ஊர் ஒருகொடவத்தை. ‘வத்தை’ என்பது சிங்கள மொழியிலே தோட்டத்தைக் குறிக்குஞ் சொல்லாகும். நம் பழைய மாணவருட் பலர் குடியிருக்கும் வெள்ளவத்தையும் பெயரளவில் ஒரு தோட்டமே. கறுவாத்தோட்டமோ தன் பெயரைத் தமிழிலேயே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நிற்கின்றது. இங்ஙனம் தோட்டப் பெயர் தாங்கிய ஊர்களில் வாழும் நாம், தோட்டம் என்னும் பொருளைக் கண்ணாற் காண்பது அரிதாயிற்று. எம் வீட்டு வாயிலில் நின்று நோக்கின், களனி கங்கைப் பக்கமாய்ச் செல்லும் பேஸ்லைன் வீதியும், துறைமுகத்துக் கொள்கலன்களைச் சுமந்து செல்லும் நீண்ட வண்டிகளுமே தோன்றும். எமக்குள்ள தோட்டமெல்லாம் ஒரு துளசிச் சாடியும் இரண்டு கறிவேப்பிலைச் சாடிகளுமாம்.

ஆதலின், பழைய மாணவர் அன்பர் சிலர் கூடி, “தென்றிசையிலுள்ள பெயர்பெற்ற தோட்டங்களையும் பழைய வீடுகளையும் ஒருநாளிற் கண்டு மீள்வோம், ஐயாவும் வரவேண்டும்” என்று அழைத்தபோது யாம் மகிழ்ந்து உடன்பட்டோம். ஆயினும் அம்மகிழ்ச்சிக்குள்ளே ஒரு கவலையும் உறைந்து கிடந்தது. இக்கட்டுரையின் பயன் அதனோடு தொடர்புடையதாதலின் அதனை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று.

எம் தாயாருக்குச் சீதனமாக வந்த நாற்சார் வீடொன்று வலிகாமத்திலே உளது. பாட்டனார் 1934ஆம் ஆண்டிற் கட்டியது. நடுவிலே வானம் பார்த்த முற்றம்; நாற்புறமும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம்; கூரைநீரை ஏந்தி இறக்கும் பீலிகள்; தெருவோரத்திலே வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குதற்கென்று கூரை வேய்ந்த சங்கடப்படலை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது யாமும் பள்ளிச் சிறுவராய் அவ்வீட்டை விட்டு நீங்கினோம். மீண்டு வந்து பார்த்தபோது சுவர்கள் நின்றன. கூரைமரங்களிற் பாதி இல்லை. இயன்றவரை திருத்தினோம். தாயார் மரணசாதனம் எழுதாது காலமாயினார். இப்போது அவ்வீடு ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து பங்கு. பங்காளருள் ஒருவர் தொறொன்ரோவிலும் ஒருவர் இலண்டனிலும் உளர். செலவு புறப்படுவதற்கு முந்திய வாரம் மூத்த தமையனார் கடிதம் எழுதியிருந்தார். வீட்டை இடித்துவிட்டு மண்டபம் கட்ட விரும்பும் ஒருவர் நல்ல விலை கூறுகின்றார் என்றும், ஐவரும் ஒப்பமிட வேண்டும் என்றும், சித்திரைக்கு முன் மறுமொழி தருக என்றும் அதிலே கண்டிருந்தது. அக்கடிதம் எம் பைக்குள் இருக்கவே யாம் வண்டியேறினோம்.

தனியார் தம் வீட்டையும் தோட்டத்தையும் பிறர் கண்டு செல்லுமாறு திறந்துவைக்கும் வழக்கம் பற்றிச் சிறிது கூறுவாம். இங்கிலாந்திலே 1927ஆம் ஆண்டில், ஊர்தோறும் சென்று நோயாளரைப் பேணும் தாதியருக்குப் பொருள் சேர்க்கும் பொருட்டுத் தோட்டவுடைமையாளர் பலர் ஆளுக்கு ஒரு சிலிங் பெற்றுத் தம் படலைகளைத் திறந்தனர். முதலாண்டிலேயே 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. 8,000 பவுணுக்கு மேற் சேர்ந்தது. அவ்வேற்பாடு இன்றும் நடைபெறுகின்றது. அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள வெர்ஜீனியா மாநிலத்தில் 1929 முதல் ஆண்டுதோறும் ஒரு தோட்ட வாரம் நடைபெற்று வருகின்றது. மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள நாச்செஸ் என்னும் சிற்றூரிலே, உலகெங்கும் பொருளாதாரம் வீழ்ந்திருந்த 1932ஆம் ஆண்டில், பழைய மாளிகைகளை உடைய பெண்மணிகள் அவற்றைப் பயணிகளுக்குத் திறந்து, வந்த பணத்தால் ஓட்டையும் சுவரையும் பழுதுபார்த்தனர். அம்மாளிகைகள் பருத்தித் தோட்டங்களிலே அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வியர்வையால் எழுந்தவை. அவ்வுண்மையை அங்குள்ளோர் நெடுங்காலம் விருந்தினருக்குக் கூறாது மறைத்தனர். இக்காலத்திலேதான் அது வெளிப்படப் பேசப்படுகின்றது. பழைய வீட்டைக் காட்டுவோர் அதன் அழகோடு அது எழுந்த வரலாற்றையும் காட்டுதல் கடமை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வழக்கம் மேனாட்டிலிருந்து வந்ததாயினும், தோட்டம் போற்றுதல் நமக்குப் புதிதன்று. கா, பொழில், சோலை, தண்டலை, நந்தவனம் எனச் சோலைவகைக்குத் தமிழிற் பெயர் பல. இவற்றுள் மனையோடு ஒட்டிய கொல்லைத் தோட்டத்தைப் பழைய நூல்கள் ‘படப்பை’ என்று வழங்கும். வீடு வேறு, தோட்டம் வேறு என்று முன்னோர் எண்ணவில்லை என்பதற்கு அவ்வொரு சொல்லே சான்றாகும். சிங்கள மக்கள் பெருங்குடியினர் இல்லத்தை ‘வலவ்வ’ என்பர். அது நம் ‘வளவு’ என்னுஞ் சொல்லோடு உறவுடையது என்பது அறிஞர் கருத்து. நம்மவர் வீட்டையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் சேர்த்தே வளவு என்கின்றோம் அன்றோ?

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இருள் நீங்குமுன் ஒருகொடவத்தையிலே புறப்பட்ட வண்டி, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அன்பர்களை ஏற்றிக்கொண்டு காலி வீதி வழியே தெற்கு நோக்கி ஓடிற்று. யாம் பதின்மர்: ஒருவர் நிலஅளவையாளர், ஒருவர் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், இருவர் வங்கி அலுவலர், ஏனையோர் பலதுறையினர். களுத்துறையிலே களுகங்கைப் பாலத்தருகில் நின்று, கொண்டுசென்ற இடியப்பத்தையும் சம்பலையும் உண்டபின், ஆற்றின் ஓரமாய் உள்நாடு நோக்கிப் பலாதோட்டைக்குச் சென்றோம். அங்கே மேட்டுநிலத்திலே பழமரங்களுக்கிடையில் நிற்பது ரிச்மண்ட் மாளிகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிறிவர்தன முதலியார் என்னும் செல்வர் எழுப்பிய இரண்டு மாடி இல்லம் அது. தோட்டத்தின் பரப்பு 42 ஏக்கர்.

மேனாட்டு மாளிகைக்குரிய அகன்ற மண்டபமும் இருபுறம் பிரிந்தேறும் படிக்கட்டும் ஒருங்கிருக்க, தூண்களிலும் வளைவுகளிலும் இந்திய அரண்மனையின் சாயல் தோன்றுகின்றது. இராமநாதபுரத்து அரசர் அரண்மனையைப் பார்த்தே முதலியார் இதனை அமைத்தார் என்று அங்குள்ளோர் கூறுவர். அஃது எவ்வாறாயினும், கதவுகளின் எண்ணிக்கையைப் பார்த்து எம் அன்பர்கள் வியந்தனர். கதவு 99 என்றும் யன்னல் 34 என்றும் சொல்லுகின்றனர். இவ்வெப்ப நாட்டிலே கதவுகள் வெறும் பகட்டுக்காக அமைந்தன அல்ல. ஒன்றுக்கொன்று நேராக அமைந்த வாயில்களைத் திறந்துவிட்டால், ஆற்றுப்பக்கத்துக் காற்று மாளிகையை ஊடறுத்துச் செல்லும். மின்விசிறியில்லாத காலத்தார் காற்றைத் தச்சு வேலையாற் பிடித்தனர் என்க.

முதலியாருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. மாளிகை இப்பொழுது பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தின் ஆட்சியில் உள்ளது. சீட்டுப் பெற்று யாவரும் உட்சென்று காணலாம். அறைகளிற் பெரும்பாலானவை வெறுமையாய்க் கிடந்தன. சுவரும் கூரையும் நிலைத்தன. வீட்டின் புழக்கம் நிலைக்கவில்லை. மேன்மாடியிலே நடந்தபோது எம் காலடி ஓசையே எமக்குக் கேட்டது. “இடியாமல் நிற்கின்றதே, அதுவே பெரிதல்லவா, ஐயா?” என்றார் நிலஅளவையாளர். யாம் மறுக்கவில்லை.

அங்கிருந்து பேருவளையைக் கடந்து அளுத்கமையை அடைந்து, தர்கா நகரூடாக உள்நாட்டுப் பாதையிற் சென்றால் இரண்டாவது இடம் வரும். அதன் பெயர் ‘பிறீவ்’. இப்பெயருக்கு ஒரு கதையுண்டு. வழக்குரைஞர் கையிற் சேர்ப்பிக்கப்படும் வழக்கேட்டை ஆங்கிலத்திலே அச்சொல்லால் வழங்குவர். கொழும்பிலே புகழ்பெற்ற அப்புக்காத்தாயிருந்த பென்ஜமின் பாவா, வழக்கொன்றிற் பெற்ற ஊதியத்தைக் கொண்டு இவ்விறப்பர்த் தோட்டத்தை வாங்கி அப்பெயரையே இட்டனர். அவர் 1923இற் காலமானார். மூத்த மைந்தர் பெவிஸ் பாவா, இருபது வயதினராய், 1929ஆம் ஆண்டிலே இறப்பர் மரங்களிடையே வீடும் பூங்காவும் அமைக்கத் தொடங்கினார். ஆறடி ஏழங்குல உயரமுள்ள அப்பெரியார் தேசாதிபதியரின் மெய்க்காவல் துணையலுவலராயும் பணி செய்தவர். 1992இல் இறக்கும்வரை அத்தோட்டத்தை அவர் கைவிட்டிலர்.

பிறீவ் தோட்டத்திலே மலர் காணப் போவோர் சிறிது ஏமாறுவர். அங்கே ஆட்சி செய்வது நிழலும் இலையும் நீருமே. மூங்கிற் புதர்கள் வழியை மூடுகின்றன. பாசி படர்ந்த படிகள் இறங்கிச் சிறு குளங்களை அடைகின்றன. திருப்பந்தோறும் ஒரு சிலையோ கல்லிருக்கையோ எதிர்ப்படுகின்றது. முழுத் தோட்டமும் ஒரே பார்வைக்கு அகப்படாது. ஓரிடத்தை மறைத்து மற்றோரிடத்தைக் காட்டி நடப்போரை மேன்மேலும் அழைத்துச் செல்லுதலே அத்தோட்டத்தின் இரகசியம். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியிலே, செடி வளர்த்தல் அரிதன்று. வளர்வதை வெட்டி இடம் விடுதலே அரிது. வெட்டுங் கத்தி ஒரு மாதம் ஓய்ந்தாற் காடு மீளும் என்று அங்கே பணிசெய்யும் முதியவர் ஒருவர் எமக்குச் சொன்னார்.

பெவிஸ் பாவாவுக்கும் மனைவி மக்கள் இலர். அவர் நிலத்தின் பெரும்பகுதியைத் தம் தோட்டத்திலே உழைத்த பணியாளர்க்குப் பகிர்ந்தளித்தனர். இருநூறு ஏக்கருக்கு மேற்பட்டிருந்த தோட்டத்துள் பூங்காவாய் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய ஐந்து ஏக்கர். பரப்புச் சுருங்கிற்று என வருந்துவாரும் உளர். மண்ணைக் கிண்டியவர்க்கே மண்ணிற் பங்கு சென்றது என்று மகிழ்தலே தகும் என எமக்குத் தோன்றிற்று. நாச்செஸ் மாளிகைகளிலே நிகழாத ஒன்று இங்கு நிகழ்ந்ததன்றோ?

நண்பகலுணவாகக் கட்டுச்சோற்றை மரநிழலில் உண்டபின் அளுத்கமைக்கு மீண்டு பெந்தோட்டைப் பாலத்தைக் கடந்தோம். அவ்வாறே மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லை. தெற்கிலே சில கல் தொலைவில் தெதுவை வாவிக்கரையில் உள்ளது லுணுகங்கை. ‘லுணு’ என்றால் உப்பு. ‘கங்க’ என்றால் ஆறு. நம் நாட்டுத் தமிழ்ப் பகுதிகளில் ‘உப்பாறு’ என்று வழங்கும் பெயரின் நேர்ப்பொருளே இது. கடல்நீர் உட்புகும் வாவிகள் இருமொழியாரையும் ஒரே பெயரை இடச்செய்தன.

லுணுகங்கையை அமைத்தவர் பெவிஸ் பாவாவின் தம்பியாகிய ஜெப்ரி பாவா. 1919இற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலே ஆங்கில இலக்கியம் கற்று, பின்னர்ச் சட்டம் பயின்று, கொழும்பிலே வழக்குரைஞராயும் சிறிது காலம் இருந்தவர். அத்தொழிலில் மனம் பொருந்தாது உலகைச் சுற்றினார். இத்தாலி நாட்டு ஏரிக்கரையிலே வளமனை ஒன்று வாங்கி வாழ எண்ணி, அஃது இயலாது தாயகம் மீண்டு, 1948ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டுக் கிடந்த இவ்விறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கறுவா பயிரிடப்பட்டது என்பர். தம் கற்பனையிலுள்ள தோட்டத்தை மண்ணில் ஆக்குதற்குத் தம் அறிவு போதாது எனக் கண்ட அவர், மீண்டும் மாணவராகி இலண்டன் சென்று கட்டடக்கலை பயின்று, 1957இல் தமது 38ஆம் வயதிலே தகுதி பெற்றார். 1982இல் திறக்கப்பட்ட கோட்டைப் பாராளுமன்றக் கட்டடம் அவருடைய ஆக்கமே. ‘வயது சென்றுவிட்டது, இனிப் படித்தென்ன?’ என்று கூறும் நம் மாணவர்க்கு இவ்வரலாறு நல்ல மருந்து. ஒரு நாட்டின் பெருங்கட்டடக் கலைஞரை ஆக்கிய ஆசிரியர்களுள் ஒரு தோட்டமும் உண்டு என்று சொல்லலாம்.

அத்தோட்டத்தின் அமைப்பைச் சிறிது விளக்குவாம். வீட்டின் தென்புறத்திலே ஒரு தாழ்ந்த குன்று. அதற்குக் கறுவா மலை என்று பெயர். வீட்டிலிருந்து பார்த்தால் அது வாவியை மறைத்தது. ஜெப்ரி பாவா அக்குன்றின் தலையைச் சீவித் தாழ்த்தினார். மறைத்த மரங்களை நீக்கினார். இப்பொழுது வீட்டு வாயிலில் நிற்பவர், புற்சரிவின்மேல் ஒரு மகிழமரத்தின் கீழுள்ள பெருஞ்சாடியையும், அதற்கப்பால் வாவியின் நீர்ப்பரப்பையும், அதற்கும் அப்பால் தொலைவிலுள்ள விகாரையின் வெண்ணிறத் தாதுகோபத்தையும் ஒரே நேர்கோட்டிற் காண்பர். விகாரை அவருக்கு உரியதன்று. ஆயினும் அவர் தோட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. வேலிக்கு அப்பாலுள்ள அழகையும் பார்வையாற் கடன் வாங்கும் முறை இது. வீட்டிற்கும் குன்றிற்கும் இடையே ஊர்ப்பாதை ஒன்று செல்லுகின்றது. அது பள்ளத்தில் ஓடுவதால் கண்ணுக்குப் புலனாவதில்லை. சரிவு தொடர்ச்சியாகவே தோன்றும். ஊரார் வழியை அடைக்காமலே தம் காட்சியைக் காத்துக்கொண்ட இந்நுட்பத்தை எம் நிலஅளவையாளர் நெடுநேரம் நின்று பார்த்தார்.

வீட்டின் மறுபுறத்திலே முதிய ஈழத்தலரி மரங்கள் கிளைகளைக் கிடையாகப் பரப்பி நிற்கின்றன. இளமையிலே கிளைகளிற் பாரங் கட்டித் தொங்கவிட்டு அவற்றை அவ்வாறு படரச் செய்தனராம். சிங்களவர் ‘அறலிய’ என்னும் அம்மரத்தைத் தமிழ்நாட்டார் ஈழத்தலரி என்று நம் நாட்டின் பெயராற் சுட்டுகின்றனர். நாமோ அதனை மறந்திருக்கின்றோம். தாழ்நிலத்திலே வாவியை ஒட்டி நெல்வயலும் உண்டு. அழகுத் தோட்டத்துள் வயலையும் ஓர் அணியாக வைத்த துணிவு பாராட்டத்தக்கது.

ஜெப்ரி பாவா 1998இல் நோயுற்று வீழும்வரை ஐம்பதாண்டுகள் இத்தோட்டத்தைத் திருத்திக்கொண்டேயிருந்தார். 2003இல் மறைந்தார். அவருடைய சாம்பல் கறுவா மலையிலே சேர்க்கப்பட்டது. அவரும் மணஞ்செய்யாதவர். தம் காலத்துக்குப்பின் தோட்டம் சிதையாதவாறு, தாம் வாழும்போதே நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தி வைத்தார். விருந்தினர் தங்குதலாலும் பார்வையாளர் கட்டணத்தாலும் வரும் பொருள் தோட்டத்தைப் பேண உதவுகின்றது. முன்னறிவித்தல் செய்து, குறித்த வேளைக்குச் சென்று, வழிகாட்டியோடு சுற்றிப் பார்த்தல் வேண்டும். யாமும் அவ்வாறே செய்தோம்.

இவ்வளவிலே எம் பயணம் முடிந்திருப்பின், யாம் இன்பப் பயணமொன்றின் நினைவோடு மீண்டிருப்போம். ஆனால் லுணுகங்கையின் ஒரு பக்கத்திலே எம்மைத் திகைக்கச் செய்த வீடொன்று நின்றது. அது அங்கே பிறந்த வீடன்று. பத்திக் துணியோவியத்திற் புகழ்பெற்ற எனா த சில்வா அம்மையாருக்கும் அவர்தம் கணவராகிய பொலிசுமா அதிபர் ஒஸ்மண்ட் த சில்வாவுக்குமாக, 1960 முதல் 1962 வரை கொழும்பு கொள்ளுப்பிட்டிப் பகுதியிலே ஜெப்ரி பாவா கட்டிய வீடு. நகரத்துச் சிறு நிலத்திலே, தெருப்பக்கம் சுவரெழுப்பி, நடுவிலே பெரிய முற்றம் விட்டு, அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும் அமைத்தனர். 2009இல் அந்நிலம் விலைப்பட்டது. வீட்டை இடிப்பதற்கு மாறாக, கல், ஓடு, மரம், கதவு என ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, இலக்கமிட்டு, வண்டிகளில் ஏற்றி இங்கே கொணர்ந்து, பல ஆண்டு உழைப்பின்பின் மீளக் கட்டி எழுப்பினர்.

அவ்வீட்டின் முற்றத்திற் சென்று நின்றபோது யாம் பேச்சற்றோம். அது நம் நாற்சார் வீடே. வெளிநாடு சென்று கற்ற பெருங்கலைஞர் வெப்ப நாட்டுக்குத் தக்க நவீன இல்லம் என்று உலகிற்குக் காட்டியது, எம் பாட்டனார் போன்றோர் ஊர்க்கொத்தனாரையும் தச்சனாரையும் கொண்டு கட்டிய அதே அமைப்பு. வெயிலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலெழ, நிழலிலுள்ள தாழ்வாரத்துக் குளிர்காற்று அவ்விடத்தை நிரப்ப நகரும். இறங்கிய கூரை சுவரை வெயிலிலிருந்து காக்கும். திறந்த முற்றம் உள்ளறைகளுக்கு ஒளி தரும். மழைநீர் முற்றத்திலே விழுந்து நிலத்துள் ஊறும். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, மூடிய சீமெந்துப் பெட்டிகளைக் கட்டி, அவற்றைக் குளிர்விக்க மின்பொறி வாங்குகின்றோம்.

எம் பையிலிருந்த கடிதம் அப்பொழுது மிகக் கனத்தது.

மீளும் வழியில் யாம் கண்டவற்றை ஒப்பிட்டு நோக்கினோம். முதலியாருக்கும் பாவா உடன்பிறந்தார் இருவருக்கும் மக்கள் இலர். ஆதலின், தமக்குப்பின் யார் காப்பார் என்னும் வினாவுக்கு அம்மூவருடைய வீடுகளும் ஏதேனும் ஒரு விடை பெற்றன. ஒன்று அரசாங்கப் பொறுப்பிற் சேர்ந்தது. ஒன்று பணியாளரோடு பங்கிடப்பட்டது. ஒன்று நம்பிக்கைப் பொறுப்பாயிற்று. நம் வீடுகளுக்கோ உரியோர் பலர். பலர் உளராதலின் யாரும் அவ்வினாவை வினவுவதில்லை. வாரிசில்லாதார் வீடு நிற்க, வாரிசு நிறைந்தார் வீடு வீழ்கின்றது. இதுவே யாம் அன்று கற்ற பாடம்.

சட்டம் பற்றியும் சில கூறுதல் வேண்டும். பிரிபடாத ஆதனத்தின் பங்காளருள் எவரும் 1977ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கலாம். நான்கு சார்களையும் ஒரு முற்றத்தையும் ஐந்தாகக் கூறுபோட இயலாதாதலின், முடிவு பெரும்பாலும் விற்பனையே. ஆயினும் தேசவழமையிலே, ஒருவர் தம் பங்கை விற்கும்போது உடன்பங்காளருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை வகுத்துள்ளது. நூறாண்டு நிரம்பிய கட்டடங்களைத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டனவாக வர்த்தமானியில் அறிவிக்க இடமுண்டு. எம் வீட்டுக்கு இன்னும் சில ஆண்டுகள் குறைவு. நம்பிக்கைப் பொறுப்பு அமைத்தற்கு 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழி தருகின்றது. பெரியோர் உயிரோடிருக்கும்போதே நல்ல நொத்தாரிசு ஒருவரைக் கண்டு பேசினால், பின்னே பிள்ளைகள் நீதிமன்ற வாயிலில் நில்லார்.

பழைய மாணவர் அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, உங்கள் ஊரிலுள்ள பழைய வீட்டைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதிவையுங்கள்: கட்டிய ஆண்டு, கொத்தனார் தச்சனார் பெயர், மரம் வந்த இடம், கிணற்றின் ஆழம், முற்றத்தின் அளவு. செல்வர் பெயர் உறுதியிலே நிற்கும். உழைத்தவர் பெயர் நாம் எழுதினாலன்றி நில்லாது. இரண்டாவது, நம்முள்ளே அளவையாளரும் கட்டடக்கலைஞரும் பலர் உளர். விடுமுறைக் காலத்தில் மாணவரை அழைத்துச் சென்று, ஆண்டுக்கு ஒரு வீட்டையேனும் அளந்து படம் வரைந்து கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராக. வீடு வீழினும் அதன் வடிவம் வீழாது. மூன்றாவது, இயன்றவர் ஆண்டில் ஒருநாள் தம் வளவின் படலையைத் திறந்து, சிறு கட்டணம் பெற்று, அதனை ஏழை மாணவர் கல்விநிதிக்கு வழங்கலாம். பழைய வீட்டைப் பாரமென்று எண்ணும் இளையோர், பிறர் வந்து வியந்து பார்க்கக் கண்டால், தாமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பர்.

எம் கடிதத்தின் கதி யாதாயிற்று என அன்பர்கள் வினவக்கூடும். அன்றிரவு ஒருகொடவத்தைக்கு மீளப் பத்து மணியாயிற்று. மறுநாட் காலையிலே தமையனாருக்கும் ஏனையோர்க்கும் ஒரே வாசகத்திற் கடிதம் எழுதினோம். ஓராண்டு பொறுக்க வேண்டும் என்றும், எம் பங்கை விற்க இசையோம் என்றும், விற்றே தீரவேண்டும் என்பாரின் பங்கைக் கடன் பெற்றேனும் சிறிது சிறிதாய் வாங்க முயல்வோம் என்றும் கூறினோம். ஆசிரியர் சம்பளத்திலே இஃது எளிதன்று என்பதை உடன்பிறந்தார் அறிவர், யாமும் அறிவோம். தொறொன்ரோவிலிருந்து தங்கையார், “முற்றத்தில் மழை விழும் ஓசை இன்னும் கனவில் வருகிறது, என் பங்கைப்பற்றி அவசரமில்லை” என்று எழுதினார். இலண்டனிலிருந்து மறுமொழி வரவில்லை. தமையனார் ஓராண்டுக்கு உடன்பட்டார். அதற்கு மேல் உறுதி கூறவில்லை. கூரையின் மேற்குச் சார் அடுத்த மாரியைத் தாங்குமோ என்பது அவர் அச்சம். அவ்வச்சத்திலே நியாயம் உண்டு.

வருகின்ற ஆவணி விடுமுறையில் எம்மோடு தென்றிசை வந்த நிலஅளவையாளர் தம் கருவிகளுடன் வலிகாமம் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நாற்சாரையும் அளந்து வரைவோம். வீடு நிற்குமாயின் அப்படம் பழுதுபார்க்க உதவும். நில்லாதாயின், அதுவே எஞ்சும். உடன்வர விரும்பும் அன்பர்கள் சங்கத்துச் செயலாளருக்கு அறிவிப்பாராக.